ஒரே பெட்டியில் பல தரவுத்தளங்கள்: சேலத்து மாணவர்களுக்கு ஒரு தேடல் வழிகாட்டி

கல்லூரி நூலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் நடுவில் நீளமாக ஒரு தேடல் பெட்டி இருக்கும். நூல்கள், ஆய்விதழ்கள், ஆய்வேடுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேடித் தருவதாக அதன் மேல் எழுதியிருக்கும். முதுகலையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களும் அதில் இரண்டு சொல்லைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்து கொட்டுகின்றன. பக்கத்தை மூடிவிட்டுக் கூகுளுக்குப் போய்விடுகிறார்கள். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குள் என்ன இருக்கிறது, அதனிடம் எப்படிக் கேட்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை.

கல்லூரிக்குக் கல்லூரி இந்தப் பெட்டியின் முகம் மாறும். சில இடங்களில் எப்ஸ்கோ டிஸ்கவரி, பிரைமோ, சம்மன் போன்ற மென்பொருள்கள் இருக்கும். சில இடங்களில் நூலகத்தில் உள்ள நூல்களைக் காட்டும் கோஹா நூற்பட்டியலோடு நின்றுவிடும். பொத்தான்களின் பெயரும் இடமும் மாறினாலும் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். பேசுவதற்கு வசதியாக ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: சேலம் வட்டாரச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் கழிவுநீர். ஆத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு அந்த வாடையே விஷயத்தைச் சொல்லிவிடும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒரே பெட்டியில் தேடும் முறைகள் இரண்டு. செவ்வாய்ப்பேட்டைக்கு ஓர் ஆளை அனுப்பிப் பத்துக் கடையில் விலை கேட்டு வரச்சொல்வது ஒரு வகை. பத்துக் கடையின் விலைப்பட்டியலையும் முன்கூட்டியே வாங்கி ஒரே நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது இன்னொரு வகை. கூட்டுத் தேடல் எனப்படும் பழைய முறை முதல் வகை. நீங்கள் தட்டிய சொல் அந்த நேரத்தில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனியாகப் போகும். ஒன்று மெதுவாக இருந்தால் அதன் பதில் கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். பெரும்பாலும் ஒவ்வொரு தளத்திலிருந்தும் முதல் சில பத்துகளோ நூறோ மட்டுமே எடுத்துக் கலந்து தரப்படும். ஆகவே ‘பொருத்தமானவை முதலில்’ என்று அது காட்டும் வரிசையை முழுக்க நம்ப முடியாது.

2009 வாக்கில் சம்மன் போன்றவை வந்த பிறகு இரண்டாவது வகை பரவியது. பதிப்பகங்கள் தங்கள் கட்டுரைகளின் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் முதலிய விவரங்களை முன்கூட்டியே கொடுத்துவிடுகின்றன. அவை ஒரே மையக் குறியீட்டில், அதாவது தேடுவதற்கான பொதுப் பட்டியலில், சேர்க்கப்படுகின்றன. பதில் நொடியில் வரும். ஆனால் விவரம் தராத பதிப்பகத்தின் கட்டுரை அந்தக் குறியீட்டில் இருக்காது. நேற்று வெளியானதும் இருக்காது.

உங்கள் நூலகத்தில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிக்க நூலகரையே கேட்கலாம். கேட்கத் தயக்கமாக இருந்தால் தட்டிவிட்டுக் கவனியுங்கள். ஒவ்வொரு தளத்தின் பெயருக்கு எதிரேயும் முடிவுகளின் எண்ணிக்கை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிரம்பினால் அது கூட்டுத் தேடல். அப்படியானால் தேடும் முன்பே தளங்களின் பட்டியலைத் திறந்து, உங்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாதவற்றின் குறியை எடுத்துவிடுங்கள். கழிவுநீரைத் தேடுகிறவருக்குச் சட்டத் தீர்ப்புகளின் தளம் இப்போது தேவையில்லை. பின்னால் மாசுக் கட்டுப்பாட்டு வழக்குகளைப் பார்க்கவேண்டி வந்தால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளே நுழைவது

கல்லூரி வளாகத்து இணைப்பில் இருந்தால் கட்டணத் தளங்கள் தாமாகவே திறக்கும். வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ தேடினால் அந்தத் தளங்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. அதனால்தான் கட்டுரையின் சுருக்கம் வரைக்கும் காட்டிவிட்டு, முழு உரைக்குப் பணம் கேட்கும். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ப்ளிப்நெட் மையம் இதற்காக இன்பெட் என்ற நுழைவு ஏற்பாட்டை நடத்துகிறது. பதிப்பகத்தின் பக்கத்தில் ‘நிறுவனம் வழியாக நுழைக’ என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தொட்டு, வரும் பட்டியலில் உங்கள் கல்லூரியையோ பல்கலைக்கழகத்தையோ தேர்ந்தெடுத்து, நூலகம் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால் போதும். இந்தக் கணக்கு தானாக வந்து சேராது. நூலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளவேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஆய்வறிக்கை கொடுக்கவேண்டிய வாரத்தில் கூட்டம் நிற்கும்.

மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இப்போது கை சற்று நீளம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்படி, 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அந்த நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. தனியார் சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர்கள் தங்கள் கல்லூரி எதற்குச் சந்தா கட்டியிருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

ஏற்காட்டில் தங்கி வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் சிக்னல் நின்று நின்று வரும். நுழைவும் அத்தோடு காலாவதியாகிவிடும். கீழே சேலத்தில் இருக்கும்போதே தேடி இறக்கி வைத்துக்கொண்டு, மேலே போய்ப் படிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எந்தச் சொல்லைத் தட்டுவது

தேடலில் முக்கால் பங்கு வேலை இதுதான். பெட்டி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் நீங்கள் தட்டும் சொல்லைத்தான் அது தேடும். உங்கள் மனத்தில் இருப்பதைத் தேடாது.

ஆங்கிலத்தில் சேலம் என்று மட்டும் தட்டிப் பாருங்கள். 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி நடந்த விசாரணைகள் வரிசைகட்டி நிற்கும். அது நடந்த ஊரின் பெயரும் நம் ஊர்ப் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகள். ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் அதுவே. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் வேறு இருக்கிறது. போதாததற்கு, அந்தப் பெயர் கொண்ட அரபு ஆசிரியர்களின் கட்டுரைகளும் வந்து சேரும்.

‘நாட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு மாசசூசெட்ஸை விலக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பல பெட்டிகள் ஆசிரியரின் முகவரியையும் சேர்த்தே தேடும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஒருவர் நம் சேகோ ஆலையைப் பற்றி எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையும் போய்விடும். விலக்குவதைவிடச் சேர்ப்பது பாதுகாப்பு: சேலத்தோடு தமிழ்நாடு அல்லது இந்தியா என்பதையும் கேளுங்கள். எல்லாச் சொல்லும் வரவேண்டும் என்றால் இடையில் ‘அண்ட்’, ஏதேனும் ஒன்று வந்தால் போதும் என்றால் ‘ஆர்’. இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டவேண்டும். சிறிய எழுத்தில் தட்டினால் சில பெட்டிகள் அவற்றைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். ‘ஆர்’ போட்டுக் கட்டிய கூட்டத்தை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். இரண்டு சொல் ஒட்டியே வரவேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் இடுங்கள். தமிழ்நாடு என்பதை ஆங்கிலத்தில் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறார்கள் என்பதால் இரண்டையும் ‘ஆர்’ போட்டுக் கொடுங்கள். 1969க்கு முன் மாநிலத்தின் பெயரே மெட்ராஸ். பழைய கட்டுரை வேண்டுமென்றால் அதையும் சேருங்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். சேகோ என்று ஆங்கிலத்தில் தேடினால் இந்தோனேசியா, மலேசியா பற்றிய கட்டுரைகள்தான் அதிகம் வரும். அங்கே சேகோ என்பது ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. நம் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. ஆங்கிலத்தில் மரவள்ளிக்கு டாபியோக்கா, கசாவா என்று இரண்டு பெயர். அறிவியல் பெயர் மனிஹாட் எஸ்குலென்டா. இந்திய ஆய்வாளர்கள் டாபியோக்கா என்றும் எழுதுவார்கள், ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கசாவா என்பார்கள். மூன்றையும் ஒரு கூட்டமாகக் கட்டுங்கள். கழிவுநீர் மற்றொரு கூட்டம். அதற்கும் ஆங்கிலத்தில் எப்ளூயன்ட், வேஸ்ட்வாட்டர் என்று இரண்டு சொற்களாவது இருக்கின்றன. இடம் மூன்றாவது கூட்டம். மூன்று கூட்டத்தையும் ‘அண்ட்’ போட்டு இணைத்தால் முடிவுகள் கையடக்கமாகிவிடும்.

உள்ளூர்த் தொழிற்சொல்லையும் விட்டுவிடாதீர்கள். மாவைப் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை இங்கே திப்பி என்கிறார்கள். ஆங்கிலக் கட்டுரைகளிலும் அதை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்த ஒரு சொல்லைத் தட்டினாலே பிற நாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் கழன்றுவிடும். கொலுசுப் பட்டறை, தறி, வெள்ளைக்கல் சுரங்கம் என்று எந்தத் தொழிலைப் பற்றித் தேடினாலும், அந்தத் தொழிலில் இருப்பவரிடம் முதலில் பேசி நாலைந்து சொல்லை எழுதிக்கொண்டு வந்து தேடுங்கள்.

இடப்பெயரில் இன்னும் சிக்கல் உண்டு. சேர்வராயன் மலையை ஆங்கிலேயர் ஷெவராய் ஆக்கினார்கள். ஷெவராய்ஸ், ஷெர்வராயன், சேர்வராயன் என்று எல்லா வடிவமும் அச்சில் இருக்கின்றன. மலையின் சார்னோகைட் பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர்கள் பெரும்பாலும் ஷெவராய் என்றே எழுதுகிறார்கள். கோயில், பழங்குடி வழக்காறு பற்றி எழுதுபவர்களிடம் சேர்வராயன் வரும். சொல்லின் முற்பகுதியைத் தட்டி இறுதியில் நட்சத்திரக் குறி இட்டால் அதில் தொடங்கும் எல்லாச் சொல்லும் கிடைக்கும். ஆனால் ஷெவராயும் ஷெர்வராயனும் தொடக்கத்திலேயே பிரிந்துவிடுவதால் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும்.

மாவட்ட எல்லையும் மாறியிருக்கிறது. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது, நாமக்கல் 1997இல். 1960இல் வந்த ஒரு கட்டுரை ‘சேலம் மாவட்டம்’ என்றால் அதில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். இன்று ராசிபுரத்துச் சேகோ ஆலையைப் பற்றி எழுதுபவர் நாமக்கல் மாவட்டம் என்று எழுதுவார். ஆகவே நாமக்கல்லையும் உங்கள் இடக் கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

தமிழில் தேடும்போது

சேலம் என்று தமிழில் தட்டினால் ‘சேலத்தில்’, ‘சேலத்தின்’ என்று தலைப்பில் இருப்பவை வராமல் போக வாய்ப்பு அதிகம். வேற்றுமை உருபு ஏறிய சொல்லை மூலச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கும் திறன் பெரும்பாலான பெட்டிகளுக்குக் கிடையாது. ‘சேல’ என்று தட்டி நட்சத்திரக் குறி இடலாமே என்றால், சேலையெல்லாம் வந்து விழும். கணினிக்குச் சேலையும் ‘சேல’ என்றுதான் தொடங்குகிறது. ‘சேலத்’ என்று புள்ளியோடு நிறுத்திக் குறி இடுங்கள், அதோடு ‘சேலம்’ என்பதையும் ‘ஆர்’ போட்டுச் சேருங்கள். ஏற்காட்டுக்கு ‘ஏற்காடு’, ‘ஏற்காட்’ இரண்டும்.

மரவள்ளியைச் சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள், குமரி மாவட்டத்தில் மரச்சீனி. தமிழ் ஆய்வேடுகளில் மூன்றும் வரும்.

வெளிநாட்டு நூலகங்களின் தமிழ் நூல்களைத் தேடுவதற்கு வேறு வழி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பில் சகரத்துக்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தைத்தான் போடுவார்கள். அங்கே சேலத்தை நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துகளில் தேடினால் தமிழ்த் தலைப்பு அகப்படாது. முதலெழுத்தை மாற்றித் தேடுங்கள்.

முடிவுகளைச் சலிப்பது

இடப்பக்கத்தில் ஆண்டு, பொருள்வகை, மொழி, பாடம் என்று வடிகட்டிகள் இருக்கும். முதலில் ஆண்டை வைத்துக் குறைக்காதீர்கள். பாடத்தை வைத்துக் குறையுங்கள். ஒரே கட்டுரை மூன்று தளங்களிலிருந்து மூன்று முறை வந்திருந்தால் பயப்படவேண்டாம், அது இயல்பு. ஒன்றுமே வரவில்லை என்றால், முந்தைய தேடலின் வடிகட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ‘தலைப்பில் மட்டும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்ததும் நிறுத்தி, அதன் விவரப் பக்கத்தைத் திறந்து அதற்குக் கொடுத்திருக்கும் பொருட்தலைப்புகளை, அதாவது கட்டுரை எதைப் பற்றியது என்று சொல்லும் வகைப்பாட்டுச் சொற்களைப் படியுங்கள். நீங்கள் யோசிக்காத சொல் ஒன்று அங்கே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தேடுங்கள். இந்தச் சுற்று சலிப்பாகத் தோன்றினாலும், முடிவுகளின் இருபதாம் பக்கம் வரை புரட்டுவதைவிட இது லாபம்.

முழு உரைப் பொத்தானைத் தொட்டும் கட்டுரை வராவிட்டால் உடனே கைவிடாதீர்கள். சில இதழ்கள் புதிய கட்டுரைகளைப் பொதுத் தொகுப்புகளுக்கு ஓராண்டு தாமதித்தே தரும். ஆய்விதழ்களின் பழைய இதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஜேஸ்டோரில் பல இதழ்களின் அண்மைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இருக்காது. கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுள் ஸ்காலரில் தேடினால், ஆசிரியரே ஏற்றிவைத்த படி சில வேளை கிடைக்கும்.

பெட்டியை விட்டு இறங்கவேண்டிய இடம்

என் கருத்தைக் கேட்டால், ஒரே பெட்டித் தேடல் என்பது உங்கள் தலைப்பு எந்தத் தளங்களில் குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். அது தெரிந்ததும் அந்தத் தளத்துக்கே நேராகப் போய்த் தேடவேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் சொந்தமான நுட்பங்கள் பொதுப் பெட்டியில் தேய்ந்துபோகின்றன. மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தளமான பப்மெட்டில் மரவள்ளிக்கு மனிஹாட் என்று ஒரே பொருட்தலைப்பு உண்டு; கசாவா என்று தட்டினாலும் அது தானே அந்தத் தலைப்போடு இணைத்துத் தேடும். பொதுப் பெட்டியில் அந்த வசதி கிடைப்பதில்லை.

பெட்டிக்குள் இருக்கிறதோ இல்லையோ, நம் வட்டாரத் தலைப்புகளுக்குத் தனியே போய்ப் பார்க்கவேண்டிய இடங்கள் சில. ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும், பெரியார் பல்கலைக்கழகத்துடையவையும் உண்டு. அங்கே ஒவ்வோர் இயலும் தனிக் கோப்பாக இருக்கும். முதலில் முன்னாய்வு இயலையும் துணைநூற்பட்டியலையும் இறக்குங்கள். உங்களுக்கு முன் ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பட்டியல் அது. வேளாண்மை என்றால் வேளாண் ஆய்வேடுகளின் தொகுப்பான கிருஷிகோஷ். ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் வைத்திருப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மரவள்ளி, காபி, மிளகு பற்றித் தேடுகிறவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும், திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரையும் ஆசிரியர் முகவரிப் பகுதியில் இட்டுத் தேடலாம்.

எந்தக் கல்லூரியிலும் இல்லாதவர்களுக்கும் ஒரே பெட்டி இருக்கிறது. கரக்பூர் ஐஐடி நடத்தும் இந்தியத் தேசிய மின்னூலகத்தில் யாரும் பதிவு செய்துகொள்ளலாம். 2007இல் தொடங்கிய வேர்ல்டுவைட்சயின்ஸ் பல நாடுகளின் அறிவியல் தளங்களை ஒரே நேரத்தில் தேடும். கூட்டுத் தேடல் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்க அது நல்ல இடம். ஜெர்மனியின் பீலபெல்டு பல்கலைக்கழக நூலகம் நடத்தும் பேஸ் என்ற தேடுபொறியும் உண்டு. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

கிடைத்ததைக் காப்பது

உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுத்து வைக்காதீர்கள். அது அன்றைய நுழைவுக்கு மட்டும் உரியதாக இருக்கும், மறுநாள் திறக்காது. கட்டுரைப் பக்கத்தில் ‘நிலையான இணைப்பு’ என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதை எடுங்கள். கட்டுரைக்கென்றே தரப்படும் நிலையான அடையாளமான டிஓஐ எண் இருந்தால் அது இன்னும் உறுதி. சோட்டேரோ போன்ற இலவச மென்பொருளுக்கு விவரங்களை ஏற்றுமதி செய்துவிட்டால், மேற்கோள் பட்டியலைக் கடைசி நேரத்தில் கையால் அடிக்கவேண்டியதில்லை. நீங்கள் கட்டிய தேடல் வரியையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முனைவர் பட்ட நெறியாளர்கள் எப்படியும் கேட்பார்கள். பிரவுசிங் சென்டர் கணினியில் தேடினால் வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்திருங்கள்.

எங்கு தேடியும் முழு உரை கிடைக்காத கட்டுரை என்று கடைசியில் சில மிஞ்சும். நூலகங்கள் ஒன்றுக்கொன்று நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் வலையமைப்பில் உங்கள் கல்லூரி உறுப்பினராக இருந்தால் வேறு நூலகத்திலிருந்து அதன் நகலை வரவழைக்க முடியும். விண்ணப்பம் நூலகர் வழியாகத்தான் போகும். ‘சேகோ பற்றி ஒரு கட்டுரை’ என்று போய் நிற்காமல், ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழ், தொகுதி, ஆண்டு, பக்க எண், டிஓஐ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.